கிராமப் பாடசாலையும் உயர்தரக் கல்வியும்

பாடசாலைக் கல்வி முடிவுற்ற பின்னரே பல்கலைக்கழகக் கல்வி தொடங்குகின்றது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுத்த நாடுகள் யாவும் அதனை ஒரே இடத்தில் வகுத்தனவல்ல. தமிழ்நாட்டிலே புகுமுக வகுப்பு நெடுங்காலம் கல்லூரிகளிலேயே நடைபெற்று வந்தது. 1978ஆம் ஆண்டில் மேனிலைக் கல்வி என்னும் பெயருடன் அந்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தது. அமெரிக்காவிலே, கல்லூரி முதலாண்டுக்குரிய பாடங்களை உயர்நிலைப் பள்ளி மாணவர் பள்ளியிலேயே கற்று, அதற்கென நடத்தப்படும் பரீட்சையில் தேறினால், பின்னர் கல்லூரியில் அப்பாடத்தை மீண்டும் கற்காது மேலே செல்லலாம் என்னும் திட்டம் 1950களில் உருவாயிற்று.

இலங்கையில் இவ்வாறானதொரு தனித்திட்டம் இல்லை எனச் சிலர் கூறுவர். உண்மையில், இங்குள்ள உயர்தர வகுப்பே பெரும்பாலும் அப்பணியைச் செய்து வருகின்றது. 12ஆம், 13ஆம் தரங்களில் மூன்று பாடங்களை மட்டும் ஆழ்ந்து கற்கும் இம்முறை பிரித்தானியக் கல்வி மரபில் வந்தது. பிரித்தானிய உயர்தரப் பரீட்சையில் நல்ல சித்தி பெற்றவர்க்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றைக் கற்றதாகவே கணக்கிட்டுக் கொள்கின்றன. எனவே, பல்கலைக்கழகத்தின் முதற்படி இந்நாட்டில் பாடசாலைக்குள்ளேயே இருக்கின்றது எனலாம். அப்படி எந்தப் பாடசாலைக்குள் இருக்கின்றது என்பதே கேள்வி.

நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். அவற்றுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1 ஏபி என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை பத்தில் ஒன்று என்னும் அளவினவே. 1 சி வகைப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. ஏனையவற்றில் உயர்தர வகுப்பே இல்லை.

அம்பாறை மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய பேரூர்களில் பெயர்பெற்ற பாடசாலைகள் உள. இரக்காமப் பிரதேசத்து வரிப்பத்தான்சேனையோ வயல்கள் சூழ்ந்த உட்புறக் கிராமம். இத்தகைய கிராமங்களில் வாழும் ஒரு கமக்காரரின் மகள், சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் உயர்ந்த சித்தி பெறுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பௌதிகமும் இரசாயனமும் கற்க விரும்பினால், அயலிலே அவ்வகுப்பு இல்லாதவிடத்து, நாள்தோறும் வெளியூர் செல்லவேண்டும். அல்லது விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கவேண்டும். பஸ் கட்டணமும் பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் சேருமிடத்து, வாப்பா விளைச்சலை எண்ணுவார். உம்மா, மாலை மங்கிய பின் மகள் வீடு திரும்பும் பாதையை எண்ணுவார். இறுதியில் அவள் அருகிலுள்ள பாடசாலையிற் கிடைக்கும் பாடத்தையே எடுப்பாள். கலைப்பாடம் தாழ்ந்ததன்று, ஆனால் விரும்பித் தெரிவதும் வேறு வழியின்றி ஏற்பதும் ஒன்றாகா.

பல்கலைக்கழக அனுமதியிலே மாவட்ட ஒதுக்கீடு உண்டே என்பர். அம்பாறை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுச் சலுகை பெறுவதும் மெய்யே. எனினும் அவ்வொதுக்கீடு மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலுள்ள வேற்றுமையையே நோக்கும். கல்முனை மாணவனும் வரிப்பத்தான்சேனை மாணவியும் அதன் கணக்கில் ஒரே தட்டில் நிற்பர். மேலும், பரீட்சை எழுதியவர்க்கே ஒதுக்கீடு. பாடத்தையே தொடாதவர்க்கு அது என் செய்யும்?

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1999ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள இங்கிள்வுட் நகர மாணவர் சிலர் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். செல்வர் வாழும் அயல் நகரப் பள்ளியிலே கல்லூரி நிலைப் பாடங்கள் பல இருக்க, தம் பள்ளியில் ஒரு சிலவே உள்ளன என்பதே அவர்தம் முறையீடு. அடுத்த ஆண்டே, வாய்ப்பற்ற பள்ளிகளில் அப்பாடங்களைத் தொடங்க அம்மாநிலம் நிதி வழங்கும் சட்டம் இயற்றிற்று.

நிதி வந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அம்மாநிலமே சான்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்கிலே, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் கார்பீல்ட் பள்ளியில், பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாந்தே என்னும் ஆசிரியர் கல்லூரி நிலை நுண்கணிதம் கற்பித்தார். 1982இல் அவருடைய மாணவர் 18 பேர் தேறினர். பரீட்சை நடத்தினோர் ஐயுற்று மீண்டும் எழுதுமாறு கூற, எழுதிய 12 பேரும் மறுபடியும் தேறினர். அவ்வெற்றி ஓராண்டில் விளைந்ததன்று. கீழ்வகுப்புக் கணிதத்தையும் அவர் பல ஆண்டுகளாகச் சீர்செய்து வந்தார்; விளைவு பின்னரே வந்தது.

வயற்காரருக்கு இது புதிய பாடமன்று. குளம் நிறைந்துவிட்டது என்பதால் கடைசி வயலுக்கு நீர் சேர்ந்துவிடாது. வாய்க்கால் துப்புரவாக இருக்கவேண்டும். முறைப்படி நீர் பங்கிட வட்டவிதானை வேண்டும். கல்விக்கும் அதுவே விதி. ஆறாம் தரத்திலிருந்தே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர், இடமாற்றம் தேடி ஓடாது கிராமத்தில் நிலைக்க வசதி வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் முழு ஆய்வுகூடம் அமைத்தல் இயலாதாயின், அயற்பாடசாலைகள் சில கூடி ஒன்றைப் பகிரலாம். அங்கு சென்று வரப் போக்குவரத்து ஒழுங்கு செய்யலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கின்றது. விடுமுறை நாட்களில் அவ்வாய்வுகூடங்களின் கதவுகள் சுற்றுக் கிராமங்களின் உயர்தர மாணவர்க்குத் திறக்குமாயின், அம்மாணவர் பெறும் பயன் பெரிதாகும்.

எல்லோரும் விஞ்ஞானிகளாகவேண்டும் என்பதன்று கருத்து. எந்தத் துறையைத் தெரிவது என்பதை ஒரு பிள்ளையின் விருப்பமும் ஆற்றலும் தீர்மானிக்கட்டும். அவள் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரம் தீர்மானிக்க வேண்டியதில்லை.