மதிப்பெண் சொல்லாத செய்தி



கணக்கில் 100-க்கு 40 என்னும் செய்தி இல்லம் செல்கிறது. தந்தையார் கையொப்பமிடுகிறார். மகன் எங்கே இடறினான் என்பதை அவர் அறிந்தாரா? இல்லை.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான் 6-ஆம் வகுப்பு மாணவன். தொகுதியைத் தொகுதியோடும், பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டான். சரியான விடை ஆறில் ஐந்து. இப்பிழை திருந்தாவிடில், பின்வரும் விகிதமும் இயற்கணிதமும் அவனுக்கு எட்டாக் கனிகளே.

பெற்றோரைத் தவறாது சந்தித்து, பிள்ளையின் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் அறிவிப்பது ஆசிரியர் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில் விதிக்கிறது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, அச்சந்திப்புகளில் விடைத்தாளையே விரித்துக் காட்டச் செய்வேன். “அரைத் தோசையோடு இன்னும் சிறிது சேர்த்தால், அரையைவிடக் குறையுமா, அம்மா?” என்று வினவினால், எழுத்தறியாத தாயும் பிழையைக் கண்டுகொள்வார்.

ஆயினும், இல்லத்திற்கு முதல் தூதர் நீங்களே. விடைத்தாளை மறைக்காதீர்கள். தவறிய கணக்கொன்றை இன்று மாலை அன்னையாரிடம் விளக்கிப் பாருங்கள். விளக்க இயலாமல் எங்கே நின்றுவிடுகிறீர்களோ, அந்த இடத்தையே நாளை ஆசிரியரிடம் கேளுங்கள்.