நரியும் பரியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

குதிரை வாங்குவது பற்றித் தமிழர் மறவாத கதை ஒன்று உண்டு. பாண்டியன் தந்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்துப் பழைய குதிரைகளையும் கடித்தன. பாண்டியன் பாராமலா வாங்கினான்? பார்த்தான், பகலில் மட்டும் பார்த்தான்!

நாம் வாழும் டாலிகஞ்சுக்கும் குதிரைக்கும் நெடுநாள் உறவு. 1806இல் வேலூர்க் கோட்டையில் எழுச்சி நிகழ்ந்தபின், திப்பு சுல்தானின் மக்கள் தமிழகத்திலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் குடும்பம் உறைந்த நிலத்தில்தான் 1895இல் டாலிகஞ்ச் கிளப் தோன்றிக் குதிரையேற்றத்தை வளர்த்தது. அதனைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்குக் குதிரைமேல் ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அன்பர் ஒருவர் தம் மகளுக்காக உள்ளூர் வணிகர் ஒருவரிடம் குதிரை பார்க்கச் சென்றார். நாமும் உடன் சென்றோம். நாம் போகும்போதே சேணம் பூட்டி, வியர்க்க ஓட்டி, ஆயத்தமாக வைத்திருந்தனர். மெருகைக் கண்டு மயங்கி விலை பேசி முடித்தோம். மூன்றாம் நாள் அது நொண்டியது. பூசைக்காலத்தில் ‘டாக்’ எனும் பெரும்பறை முழங்கியதும் மிரண்டு எழும்பிற்று. சிறுமி விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. பிழை குதிரையினுடையது அன்று. கேட்க வேண்டியவற்றைக் கேளாத நம்முடையது.

ஆகவே, வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். ஓடி ஓய்ந்த குதிரையைப் பாராதீர். கொட்டடியில் நிற்கும்போதே பாருங்கள். சொல்லாமல் மற்றொரு நாளும் செல்லுங்கள். பல்லைப் பாருங்கள், ஏறத்தாழ 5 வயதில் முன்பற்களில் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் நிறைந்துவிடும். நான்கு கால்களையும் தடவிச் சூடு, வீக்கம் அறியுங்கள். கெட்டியான தரையில் ஓடவிட்டால், நோயுற்ற முன்கால் ஊன்றும்போது தலை மேலெழும். வலியடக்கும் மருந்து இக்குறையை மறைக்கக்கூடும். எனவே விற்பவரைச் சாராத கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதியுங்கள். மனிதரையும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்குக் குருதிச் சோதனை இன்றியமையாதது. முதலில் விற்பவரே ஏறிக் காட்டட்டும்.

பந்தயக் குதிரை விரைவிற்குப் பழகியது. பலவற்றிற்கும் உதவும் குதிரையோ நடை, துள்ளுநடை, பாய்ச்சல் மூன்றிலும் சொற்கேட்க வேண்டும். வண்டியோசையிலும் வெடியோசையிலும் அமைதியாக நிற்க வேண்டும். பெரியவர்க்கும் சிறியவர்க்கும் அடங்க வேண்டும். அழகு இவற்றிற்குப் பின்னரே.

அந்த அன்பர் பின்னர் அக்குதிரையை விற்க நேர்ந்தது. குறையை மறைத்தால் கொடுத்த விலை முழுவதும் கிடைத்திருக்கும். அவரோ நொண்டுவதையும் மிரளுவதையும் முதலிலேயே சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தார். ஏறுவதற்கன்றி, பேணுவதற்கென்றே ஒருவர் வாங்கிச் சென்றார். “இன்னொருவர் வீட்டுக் குழந்தை விழக்கூடாது” என்பதே அன்பர் கூறிய காரணம்.

வாங்குகையில் விழிப்பும் விற்கையில் வாய்மையும் இருப்பின், எந்தப் பரியும் நரியாகாது.