தாய் கேட்ட ஒரு கேள்வி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் சட்டமும் மருத்துவமும் படித்த பழைய மாணவிகளாகிய எம்மிடம், எல்லோருக்கும் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். எம்மில் சிலர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்பவர்கள். சிலர் நீதிமன்றத்தில் நிற்பவர்கள். நோயாளியாகக் கட்டிலில் படுக்கும் நாள் எல்லோருக்கும் வரும். ஆகவே ஒரு வழக்கைப் பற்றிச் சொல்ல எண்ணினோம்.

1959ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 19 வயது இளைஞர் ஒருவருக்குத் தீராத முதுகுவலி. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை வேண்டும் என்றார் வைத்தியர். வேறு மாநிலத்தில் இருந்த தாய், இது பாரதூரமான சத்திரசிகிச்சையா என்று தொலைபேசியில் கேட்டார். மற்றச் சத்திரசிகிச்சைகளைவிடப் பெரிதல்ல என்று பதில் வந்தது. தாய் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சம்மதப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டது அதன் பிறகுதான்.

அடுத்த நாள் மகன் கட்டிலில் இருந்து விழுந்தார். சில மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனது. மீண்டும் சத்திரசிகிச்சை செய்தும் முழுச் சுகம் வரவில்லை. 1968இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோதும் ஊன்றுகோலுடன்தான் நடந்தார்.

இதுவே கன்ரபரி எதிர் ஸ்பென்ஸ் என்ற வழக்கு. கவனயீனம் எதுவும் இல்லாமலே இப்படிப்பட்ட சிகிச்சையில் நூற்றுக்கு ஒருவர் அளவில் வாதம் ஏற்படலாம் என்று வைத்தியரே சாட்சியம் அளித்தார். அதைச் சொன்னால் நோயாளி பயந்து சிகிச்சையை மறுத்துவிடக்கூடும் என்பதும் அவர் வாதம். வழக்காளி தரப்புச் சாட்சியம் முடிந்ததும், யூரிமார் தீர்மானிக்க இதில் எதுவுமில்லை என்று நீதிபதி எதிராளிகளுக்குச் சார்பாக வழக்கை முடித்துவிட்டார். வழக்காளி மேன்முறையீடு செய்தார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எமது நாட்டில் நட்டஈட்டு வழக்குகளுக்கு யூரி இல்லை. மாவட்ட நீதிபதியே தீர்ப்பளிக்கிறார். அமெரிக்காவிலோ குடியியல் வழக்கில் யூரி விசாரணை பெறும் உரிமை 1791இலேயே அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தில் எழுதப்பட்டது. யூரிமார் தீர்மானித்த விடயங்களை மேல் நீதிமன்றங்கள் நினைத்தபடி மீளாய்வு செய்வதையும் அதே திருத்தம் தடுக்கிறது.

ஆகவே மேன்முறையீடு என்பது இரண்டாவது விசாரணை அன்று. சாட்சிகள் மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை. யாருடைய துன்பம் பெரிது என்றும் அங்கே நிறுப்பதில்லை. சட்டம் சரியாகச் சொல்லப்பட்டதா, ஏற்க வேண்டிய சாட்சியம் மறுக்கப்பட்டதா, அந்த முடிவுக்கு ஆதாரம் இருந்ததா என்றே பார்ப்பார்கள். கீழ் நீதிமன்றத்தில் உரிய நேரத்தில் எழுப்பாத ஆட்சேபத்தை அங்கே புதிதாகக் கொண்டுபோவதும் பெரும்பாலும் பலிக்காது. பதிவேட்டில் உள்ளதே அங்கே பேசும்.

இந்த வழக்கின் பதிவேட்டில் தாயின் கேள்வி இருந்தது. கிடைத்த பதில் இருந்தது. நூற்றுக்கு ஒன்று என்ற வைத்தியரின் வாக்குமூலமும் இருந்தது. 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி ஸ்பொட்ஸ்வூட் ரொபின்சன் தீர்ப்பை எழுதினார். வைத்தியர்கள் வழக்கமாக எதைச் சொல்கிறார்கள் என்பது அளவுகோல் அல்ல. முடிவெடுக்க வேண்டிய நோயாளி எதை அறிந்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல் என்றார். வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது.

அங்கே யூரிமார் எதிராளிகளின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். மேன்முறையீட்டில் வெல்வது வழக்கில் வெல்வதாகாது. ஆனாலும் அவர் பெற்றுத்தந்த அளவுகோல் நிலைத்தது. 1980இல் கனடாவிலும், 1992இல் அவுஸ்திரேலியாவிலும், 2015இல் பிரித்தானியாவிலும் அதியுயர் நீதிமன்றங்கள் நோயாளியின் அறியும் உரிமையை முன்வைத்தே தீர்ப்பளித்தன. அந்த நாடுகளில் வாழும் எம் சகோதரிகளுக்கு இன்று இருப்பது அந்த உரிமைதான்.

எம் நாட்டு அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. ஒரு குழந்தையின் மரணம் பற்றிய வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தது என ஏற்றபோதும், மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி வைத்தியரின் மேன்முறையீட்டை அனுமதித்தது. தவறைக் காட்டுவது ஒன்று. அதனால்தான் இழப்பு வந்தது என்று காட்டுவது வேறொன்று. காலக்கெடுவும் கடுமையானது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்ப்பதாயின் 14 நாட்களுள் அறிவித்தலும், 60 நாட்களுள் மேன்முறையீட்டு மனுவும் கொடுத்தாக வேண்டும். அழுது முடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தால் வாசல் மூடிவிடும்.

வைத்தியர்களைச் சந்தேகிக்கும்படி நாம் சொல்லவில்லை. யார் தவறும் இல்லாமலே கெடுதி வருவதுண்டு. ஆனால் "டொக்டரிடம் போய்க் கேள்வி கேட்பதா?" என்று வாய்மூடி இருப்பவர்கள் எமது வீடுகளில் இன்னும் அதிகம். கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்போம்: இதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும்? துணைக்கு ஒருவரை அழைத்துப்போவோம். சொன்னதைத் திகதியுடன் எழுதிவைப்போம். டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரமாக வைப்போம். எம்மிடையே உள்ள வைத்தியர்களும், கேட்குமுன்பே சொல்லி, சொன்னதைக் குறிப்பிலும் எழுதுவோம். அது நோயாளியையும் காக்கும், எம்மையும் காக்கும்.

விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்கும்படி இந்த வகுப்பறைகளில்தான் எமக்குப் பழக்கினார்கள். கட்டிலில் படுத்திருக்கும்போதும் அந்தப் பழக்கத்தை விடாதிருப்போம்.