மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பாசன வாய்க்காலைப் பற்றியும் பேசுகின்ற இம்மேடையில் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதற்கும் கிராம வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். உங்கள் ஊரிலுள்ள குடும்பங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நன்றாக உழுது பயிரிட்டு வந்த ஒருவர் கழனிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சோறு இறங்குவதில்லை. பேரப்பிள்ளை மடியில் வந்து ஏறினாலும் முகம் மலர்வதில்லை. என்னவென்று கேட்டால், “உடம்பெல்லாம் வலிக்கிறது, அசதியாக இருக்கிறது” என்கிறார். ஊசி போட்டாயிற்று, கஷாயம் குடித்தாயிற்று, தாயத்தும் கட்டியாயிற்று. சோம்பல் என்கிறார் ஒருவர். காற்றுக் கருப்பு என்கிறார் மற்றொருவர். இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் விடாது நீடிக்குமாயின், அதனை மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

இந்நோய் அரிதானதன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களில் 100க்கு 85 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருக்கின்றனர் என்றும் அதில் தெரிய வந்தது. ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரில் எத்தனை வீடுகளில் இத்துன்பம் புகுந்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்நோய்க்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தரும் மருந்துகளுள் ஒன்று புளுவாக்ஸெடின். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து எலி லில்லி கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1972ஆம் ஆண்டில் உருவானது இது. 1987 டிசம்பரில் அந்நாட்டு அரசாங்கத்தின் அனுமதி பெற்று, அடுத்த ஆண்டு ‘ப்ரோசாக்’ என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. இதற்கு முன்னும் மனச்சோர்வுக்கு மருந்துகள் உண்டு. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேடன் தீவு மருத்துவமனை ஒன்றில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்கள் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் கொண்டதைக் கண்டனர். அதிலிருந்து தொடங்கியதே இத்துறை. ஆயினும் பழைய மருந்துகள் பலவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. அளவு மீறி உட்கொண்டால் அவை இருதயத்தைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். வாழ்வில் வெறுப்புற்றவர் கையில் அத்தகைய மருந்தைக் கொடுப்பது மருத்துவருக்கே அச்சம் தருவதாயிருந்தது. புளுவாக்ஸெடினில் அவ்வபாயம் மிகக் குறைவு. இது உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நம் நாட்டின் பட்டியலிலும் இது இடம் பெற்றிருக்கிறது. விலையும் குறைவு.

இனி, நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம். இம்மருந்தின் நன்மையும் தீமையும் பெரிதும் காலத்தைப் பொறுத்தவை. தலைவலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். இது அப்படியன்று. முதல் சில நாட்களில் வயிற்றுக் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, ஒருவிதப் படபடப்பு ஆகியவையே முன்னே வந்து நிற்கும். மனம் தெளிவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நாற்றை நட்ட மறுநாள் வயலைப் பார்த்தவன் பயிர் வாடிவிட்டதென்றே எண்ணுவான். வேர் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாம் அறிந்த ஒரு பெரியவர் பன்னிரண்டு நாள் உட்கொண்டுவிட்டு, “பணமும் போயிற்று, வாயும் கசந்தது” என்று மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிட்டார். குமட்டல் முழுவதையும் அனுபவித்தார். குணத்தை அடையும் முன்னரே விட்டுவிட்டார். இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருந்து கொடுத்த இடத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. தவறு அவருடையது மட்டுமன்று.

இந்த முதல் வாரங்களில் இன்னொரு கவனமும் தேவை. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இவ்வகை மருந்துகள் கொடுத்த 24 சோதனைகளை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. அச்சோதனைகளில் கலந்துகொண்டவர் 4,400 பேருக்கு மேல். மருந்து பெற்றவர்களில் 100க்கு 4 பேரிடமும், வெறும் மாவு மாத்திரை பெற்றவர்களில் 100க்கு 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. ஒருவரும் இறக்கவில்லை. ஆயினும் அந்த வேறுபாட்டைப் புறக்கணிக்கலாகாது என்று கருதி, 2004ஆம் ஆண்டில் மருந்துத் தாளின் தலைப்பிலேயே கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டனர். 2007இல் அது 24 வயது வரையுள்ளவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அவ்வயதைக் கடந்தவர்களிடம் இத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் குறைவே காணப்பட்டது.

எச்சரிக்கை என்றதும் மருந்தையே ஒதுக்கிவிடலாகாது. மனச்சோர்வுள்ள சிறுவர்களுக்கு அமெரிக்காவில் முதன்முதல் அனுமதிக்கப்பட்ட இவ்வகை மருந்தும் இதே புளுவாக்ஸெடின்தான். கொடுக்கலாம்; கொடுத்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பலாகாது. உடலின் சோர்வு முதலில் நீங்கி, மனத்தின் இருள் பிறகே நீங்குவதால் இடைப்பட்ட காலம் அபாயமானது என்று மருத்துவர் சிலர் விளக்குவர். விளக்கம் எதுவாயினும் செய்ய வேண்டியது ஒன்றே. மருந்து தொடங்கிய முதல் ஒரு மாதமும், அளவு மாற்றப்படும் காலத்திலும், வீட்டார் நோயாளியைத் தனியே விடாமல் உடனிருக்க வேண்டும். இருப்புக் கொள்ளாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இவ்விடத்தில் விவசாயக் குடும்பங்களுக்கென்று ஒரு சொல். பூச்சிமருந்து டப்பாவைப் பரண்மேலும் கட்டிலின் கீழும் வைத்திருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு கண நேர வேதனையில் கைக்கு எட்டுவதுதான் உயிரைக் குடிக்கிறது. அந்தக் கணம் கடந்துவிட்டால் பலர் பிழைத்து வாழ்கின்றனர். கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளை அமைத்து, உழவர்கள் தங்கள் பூச்சிமருந்தை அங்கேயே வைத்து எடுக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தனர். சென்னையிலுள்ள ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தோர் ஈடுபட்ட அம்முயற்சியின் விவரங்கள் 2013இல் வெளியாயின. ஊர்மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். ஓர் ஊராட்சி தன் சக்திக்குள் செய்யக்கூடிய காரியம் இது.

மற்றத் தீமைகளைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறோம். இம்மருந்தை உட்கொள்பவர் மூட்டுவலிக்கென்று டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் முதலியவற்றைத் தாமாகவே சேர்த்துக்கொண்டால் வயிற்றில் இரத்தம் கசியும் அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மருந்தோடும், சில காசநோயாளிகளுக்குத் தரப்படும் லினஸோலிட் மருந்தோடும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம் ஆகியவை உண்டாகலாம். முதியோர்க்கு இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைந்து மயக்கம் வருவதுண்டு. முன்பு எப்போதாவது தூக்கமின்றி அளவு கடந்த உற்சாகத்தோடு திரிந்து, பணத்தை வாரி இறைத்த காலம் ஒருவருக்கு இருந்திருந்தால், அதனை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அத்தகையவர்க்கு இம்மருந்து மட்டும் தனியே கொடுத்தால் அந்நிலை மீண்டும் மூளக்கூடும். கர்ப்பிணிகள் தாமாக நிறுத்தவும் வேண்டாம், தாமாகத் தொடரவும் வேண்டாம். மருந்து உண்ணும் காலத்தில் மது ஆகாது. தாம்பத்திய வாழ்வில் நாட்டக் குறைவு உண்டாவது பலர் சொல்லக் கூசும் குறை. சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் இது நீடித்ததாக வந்த தகவல்களை ஏற்று, 2019இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் அதனையும் மருந்துத் தாளில் சேர்க்கச் செய்தது. கணவன் மனைவி இருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இம்மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிஞர்களே சண்டையிடுகிறார்களாமே என்று படித்த இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்பது சரியே. 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மருந்துக் கம்பெனிகளின் கணக்கை அம்பலப்படுத்தியது. மனச்சோர்வு மருந்துகள் பன்னிரண்டைப் பற்றி அமெரிக்க அரசிடம் பதிவாகியிருந்த சோதனைகள் 74. அவற்றுள் மருந்துக்குச் சாதகமானவை 38. அவற்றில் 37 பத்திரிகைகளில் வெளிவந்தன. சாதகமல்லாதவை 36, அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமானவை போன்று எழுதப்பட்டு வெளிவந்தன, மூன்றே உள்ளபடி வெளியிடப்பட்டன. நன்றாக விளைந்த வயலை மட்டும் காட்டிவிட்டுப் பொய்த்த வயல்களை மறைத்து விதை விற்பவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவ்வார்த்தையையே இங்கும் சொல்லலாம்.

பின்னர் 2018இல், வெளிவராத சோதனைகளையும் தேடிச் சேர்த்து, 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் கணக்கில் கொண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தார் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வயது வந்தோரிடம் மாவு மாத்திரையைவிட மேலானவை என்றே முடிவு. ஆனால் அந்த மேன்மை சராசரியாகப் பார்த்தால் பெரிதன்று. சோதனைகளும் பெரும்பாலும் எட்டு வாரங்களுக்குட்பட்டவை. மூளையில் ‘செரோடோனின்’ என்ற பொருள் குறைவதால்தான் இந்நோய் வருகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணத்துக்கும் உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டனைச் சேர்ந்த ஜோவானா மோன்கிரீப் முதலியோர் எழுதினர். காரணம் தெளிவாகாததால் மருந்து பயனற்றது என்று ஆகிவிடாது. குணம் கண்டவர்கள் இருக்கின்றனர். அவர்களை நாமே கண்டிருக்கிறோம். ஆயின் எல்லார்க்கும் எப்போதும் இதுவே வழி என்று சொல்வோரை நம்ப வேண்டியதில்லை.

நம் கருத்து இது. நோய் கடுமையாயிருந்து, உண்ணவும் உறங்கவும் வேலை செய்யவும் இயலாமற் போனவர்க்கு மாத்திரையை மறுப்பது கொடுமை. லேசான சோர்வுக்கு முதலிலேயே மாத்திரை வேண்டாம் என்பதே 2022இல் இங்கிலாந்தில் வெளியான மருத்துவ நெறிமுறையின் போக்கும் ஆகும். அதற்கு வேறு வழி உண்டு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசச் செய்தனர். விட்டுப்போன சிறு வேலைகளையும் சுற்றத்தார் உறவையும் படிப்படியாக மீண்டும் தொடங்கச் செய்வதே அதன் முறை. கடுமையான மனச்சோர்வுடையோரிடமும் அது பயன் தந்தது. நம் சுய உதவிக் குழுக்களில் இத்தகைய பயிற்சிக்கு ஏற்ற பெண்கள் எத்தனையோ பேர் உள்ளனர்.

நிறுத்துவதைப் பற்றி. மனம் தெளிந்ததும் மருந்தை விட்டுவிடுவது பெருந்தவறு. தெளிந்த பின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், இல்லையேல் நோய் திரும்பும். இது மதுவைப் போல் மேலும் மேலும் கேட்கும் பொருளன்று. எனினும் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் தொட்டாற் போன்ற உணர்வு முதலியன சிலருக்கு வரும். புளுவாக்ஸெடின் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் இத்தொல்லை இதில் குறைவு. இதன் இனத்து வேறு மருந்துகளில் அதிகம். எதுவாயினும் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். ஆதலின் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தின்பதும், பக்கத்து வீட்டார்க்குக் கொடுத்தது நமக்கும் ஆகும் என்று எண்ணுவதும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர்கள் இருக்கின்றனர்.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி, வீட்டிலேயே வைத்து உயிரை இழக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருத வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதனைக் கிராம சபைக் கூட்டத்தில் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கூறும் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை. ஊராட்சி அலுவலகச் சுவரிலும், பால் சொசைட்டியிலும், உரக்கடை வாசலிலும் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.