உடல் ஏன் தளர்கிறது?



சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் வண்டியும் இயந்திரமும்தான் அன்றாடப் பேச்சு. அதனாலோ என்னவோ, முழங்கால் வலிக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னால், "எத்தனை வருஷம் ஓடின வண்டி, தேயாம இருக்குமா?" என்று பதில் வருகிறது. அன்போடு சொல்வதுதான். ஆனாலும் அந்த ஒப்புமை நம் பெரியவர்களுக்குக் கெடுதல் செய்கிறது.

ஆலையில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் அது தானாக வளராது. உடம்போ ஓயாமல் தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாளில் மறைய, எலும்பு மஜ்ஜை புதியதை அனுப்புகிறது. குடலின் உட்சுவர் சில நாளுக்கொரு முறை புதிதாகிறது. எலும்புகூடக் கரைந்து கரைந்து மறுபடி கட்டப்படுகிறது. இவ்வளவு தெரிந்த உடம்பு பிறகு ஏன் தளர்கிறது?

பீட்டர் மெடவார் 1951இல் இலண்டனில் ஆற்றிய உரையில் இதற்கு ஒரு விடை சொன்னார். காட்டு விலங்குகளில் பெரும்பாலானவை முதுமை காணும் முன்பே பசிக்கோ நோய்க்கோ வேட்டைக்கோ பலியாகின்றன. ஆகவே, பிள்ளை பெறும் வயதுக்கு முன் கேடு செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வு களைந்துவிடுகிறது. அந்த வயதைத் தாண்டிக் கேடு செய்வது களையப்படாமல் தங்கிவிடுகிறது. 1977இல் டாம் கிர்க்வுட் இன்னொன்றைச் சேர்த்தார்: பழுது பார்க்கவும் ஆற்றல் செலவாகிறது, முழுவதையும் அதற்கே கொடுத்தால் சந்ததிக்கு மிஞ்சாது.

வௌவாலைப் பாருங்கள். சுண்டெலியை எவ்வளவு பேணி வளர்த்தாலும் மூன்று நான்கு ஆண்டைத் தாண்டுவது அரிது. சைபீரியாவில் வளையமிட்டு விடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று, ஏழு கிராம்தான் இருக்கும், 41 ஆண்டு கழித்து உயிரோடு பிடிபட்டது. பறந்து தப்பத் தெரிந்த உயிருக்கு நெடுங்காலப் பராமரிப்பு பலன் தருகிறது. தேய்மானமே காரணமென்றால், இரவெல்லாம் சிறகடிக்கும் அந்த உயிரல்லவா முதலில் ஓய்ந்திருக்க வேண்டும்!

உயிரணுவுக்குள் நடப்பதை அறிய விரும்புவோர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2024இல் வெளியிட்ட நூலைப் படியுங்கள். இளமை தருவதாக விற்கப்படும் மருந்துகளை அவர் கறாராக எடைபோடுகிறார். எனக்கு இங்கே முக்கியம் தசை.

1990இல் மரியா ஃபியாடரோனும் குழுவினரும் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில்! மறுபக்கம், எடையே உணராத விண்வெளி வீரர்கள், நல்ல உடல்வலிமை உள்ளவர்கள், இடுப்பெலும்பின் தாதுவை மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் இழக்கிறார்கள். உழைக்காத தசையையும் எலும்பையும் உடம்பு வைத்துக் காப்பதில்லை. "நீங்க சும்மா உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று நாற்காலியில் அமர்த்துகிறோமே, அந்தப் பாசம் அம்மாவின் கால்களை மெலியவைக்கிறது.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை எதிர்த்து நின்றவர் டாக்டர் வி. எஸ். நடராசன். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். முதியவரின் வலிக்குக் காரணம் தேடாமல் வயதின்மேல் பழி போடுவதை அவர் ஏற்கவில்லை.

கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. நம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரே மின்சார ரயில். ஆனால், எழுந்து நிற்கவே தடுமாறுகிறவருக்கு அது வெகுதூரம். அதனால், நம்மை இங்கே கூட்டியிருக்கும் அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். வாரம் இரண்டு நாள் காலையில் இந்த மண்டபத்தைப் பெரியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பிசியோதெரபி படித்த ஒருவரை அமர்த்துங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, இவ்வளவில் ஆரம்பிக்கலாம். இதய நோயோ மூட்டுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். இன்று எனக்குத் தரவிருக்கும் சன்மானத்தை முதல் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.