வகுப்புப் படம் எடுக்கும் நாள்



1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, இணுவிலில் எத்தனை வீடுகளில் அல்பங்களை விட்டுவிட்டுப் போனோம்! எனக்குப் பள்ளிக்காலத்தில் எஞ்சியது ஒரேயொரு வகுப்புப் படம். அதுவும் ரொறன்ரோவிலிருந்து தோழி அனுப்பிய பிரதி. அதில் அழுத முகத்தோடு நிற்கிறேன். பின்னல் கோணலென்று அன்று காலை அம்மா இரண்டுதரம் அவிழ்த்துக் கட்டினார். "பல்லைக் காட்டாதை" என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே தாய்மாரே, சீருடையை முதல்நாளே மினுக்கி வையுங்கள். ரிபனைப் பிள்ளை பழகிய மாதிரியே கட்டுங்கள். புதுச் சப்பாத்து வேண்டாம், கடிக்கும். உயரப்படிதான் நிறுத்துவார்கள், தோழிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காமற் போகலாம் என்று முன்பே சொல்லுங்கள். அழுகை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பல் விழுந்த இடத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். அந்தப் படம் வந்தபோது, ஓட்டைப் பல்லோடு சிரித்தவளைத்தான் நாங்கள் முதலில் தேடினோம்.