ஏரிப் பாசியும் தீட்டும்

(அம்பத்தூர் வட்டாரத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் புராணத்தைப் பற்றியதல்ல. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பருத்திப்பட்டு, பூந்தமல்லிக்கு அடுத்த செம்பரம்பாக்கம் ஆகிய நமது ஏரிகளைப் பற்றியதேயாகும். ஆனாலும் விஷயம் முடிவில் மனிதனுடைய புத்தியில்தான் வந்து நிற்கின்றது.

ஏரித் தண்ணீர் ஏன் பச்சையாகின்றது? மீன் ஏன் செத்து மிதக்கின்றது? "தெய்வக் குற்றம்", "காலக் கொடுமை" என்பவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் சாக்கடையை விட்டவன் தப்பித்துக்கொள்ளுவான். உண்டியல் வைத்தவன் சம்பாதித்துக்கொள்ளுவான்.

உண்மை என்னவென்றால், பாசியும் ஓர் உயிர். அதற்கும் ஆகாரம் வேண்டும். நமது மலஜலத்திலும், சோப்புத் தூளிலும், வயல் உரத்திலும் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் அதற்கு விருந்து. பெருகிய பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். சில நீலப்பச்சைப் பாசிகள் விஷத்தையும் உண்டாக்கும். 2014இல் அமெரிக்காவில் டோலிடோ நகரத்தார், ஈரி ஏரியில் அப்படி உண்டான விஷத்தால், குழாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாதென்று தடுக்கப்பட்டார்கள்.

இதையெல்லாம் வேதத்தைப் புரட்டியா கண்டுபிடித்தார்கள்? கனடாவில் 1973இல் ஷிண்ட்லர் என்பவரும் அவரது தோழர்களும் ஒரு சிறு ஏரியின் நடுவே திரை போட்டு இரண்டாகத் தடுத்தார்கள். இரு பக்கமும் சர்க்கரையும் நைட்ரஜன் உப்பும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மாத்திரம் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்றாயிற்று. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வாதம் தீர்ந்தது!

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவானது கான்ஸ்டன்ஸ் ஏரி. 1959இல் அந்நாட்டார் கூடி ஒரு கமிஷன் அமைத்துச் சாக்கடையைச் சுத்திகரித்தார்கள். 1970களின் இறுதியில் ஒரு கன மீட்டர் தண்ணீரில் 80 மில்லிகிராமுக்கு மேலிருந்த பாஸ்பரஸ், பிற்பாடு 10க்கும் கீழே இறங்கிற்று. அங்கு யாகமும் நடக்கவில்லை. வருண ஜபமும் நடக்கவில்லை.

நம் நாட்டாருக்கு இந்த ஆராய்ச்சியில் பங்கில்லையா? உண்டு. சென்னை சர்வகலாசாலையின் எம்.ஓ.பி. அய்யங்கார், லண்டனில் பேராசிரியர் பிரிட்ச் என்பவரிடம் பாசிகளைப் பற்றி ஆராய்ந்தவர். 1932இல் தாம் இங்கு கண்டறிந்த புதுப் பாசிக்கு அந்த வெள்ளைக்காரர் பெயரையே சேர்த்துப் "பிரிட்சியெல்லா" என்று பெயரிட்டார். அய்யங்காரானாலும், பாசியின் குலத்தைச் சாஸ்திரத்தில் தேடாமல் பூதக்கண்ணாடியில் தேடியபடியால் உலகம் ஒப்புக்கொண்டது. அறிவுக்கு ஜாதியுமில்லை; கடல் தாண்டினால் தீட்டுமில்லை.

தீட்டு என்றதும் மற்றொன்று ஞாபகம் வருகின்றது. 1927இல் மஹாத் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கரும் தாழ்த்தப்பட்ட தோழர்களும் பொதுக்குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். உடனே சனாதனிகள், குளம் தீட்டாகிவிட்டதென்று சாணியும், கோமூத்திரமும், பாலும், தயிரும் ஊற்றிச் "சுத்தி" செய்தார்கள். தோழர்களே! மனிதன் கை பட்டதால் எந்தக் குளத்திலும் பாசி வளர்ந்ததில்லை. அவர்கள் ஊற்றியதுதான் பாசிக்குத் தீனி! அதே நாட்டில் இன்று எத்தனையோ ஏரிகளில் ஊர்ச் சாக்கடை விழுகின்றது. கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிற்று. அங்கே எந்தத் தீட்டுக்காரராவது வந்து வாய் திறந்தாரா?

ஆகவே, நாம் கேட்க வேண்டியது பூஜையல்ல, கணக்கு. எந்தக் கால்வாய் வழியாக எவ்வளவு கழிவு ஏரிக்குள் வருகின்றது? தண்ணீரில் பாஸ்பரஸ் எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு? மாதந்தோறும் அளந்து, கரையில் பலகையில் எழுதி வைக்கும்படி அதிகாரிகளைக் கேளுங்கள். கரையில் பூங்கா வைப்பது நல்லதுதான். ஆனால் சாக்கடை நிற்காவிட்டால் பாசியும் நிற்காது.

நாம் சொல்லுவதாலேயே இதை நம்பிவிட வேண்டாம். அளந்து பார்த்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.